ட்ரிப்சின் தீர்ந்த வாரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் என் மனைவி, "டாக்டர், உங்க ஐஸ் பெட்டி நடுவழியில இருக்கு, கொஞ்சம் எடுக்கிறீங்களா?" என்றாள். காலையில் இதே வாய்தான், "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டது. கல்லூரி நாளிலிருந்து எங்களுக்குள் நீ, வா, போதான். ஆய்வகத்தின் கதவைத் தாண்டினால் நான் 'நீங்க' ஆகிவிடுவேன், அவள் 'மேடம்' ஆகிவிடுவாள். இரண்டு வருடமாக இப்படித்தான். எனக்கு மானியம் நின்று, என் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த பிறகு, அவள்தான் தன் இடத்தில் எனக்கு ஒரு மேசை போட்டாள். வீட்டோடு மாப்பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. நான் ஆய்வகத்தோடு மாப்பிள்ளை.

எங்கள் பிழைப்பு ஃபெரிட்டின். உடம்பில் இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம். இருபத்துநான்கு துண்டுகள் கூடிக் கட்டிய உருண்டைக் கூடு, அதற்குள் ஆயிரக்கணக்கில் இரும்பு அணுக்கள். செல்லுக்குள் சும்மா இருக்காமல் கொஞ்சம் வெளியே வந்து ரத்தத்திலும் சுற்றும். சுற்றுவது வேறொரு செல்லின் மேல் ஒட்டி உள்ளே போகும். எந்தக் கதவு வழியாகப் போகிறது என்பதுதான் சண்டை. டிரான்ஸ்ஃபெரின் என்று ஒரு சுமைதூக்கிப் புரதம் இருக்கிறது, அது இரும்பைக் கொண்டுவந்து இறக்குவதற்கென்று செல்லின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. அதே ஏற்பிதான் ஃபெரிட்டினுக்கும் கதவு என்கிறது உலகம். மேடம் இல்லை என்கிறாள். அந்தக் கதவை ஆன்டிபாடி போட்டு அடைத்தாலும் எங்கள் செல்களுக்குள் ஃபெரிட்டின் போகிறதே, ஆகவே இரண்டாவது ஒரு கதவு இருக்கிறது என்கிறாள். அதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்துப் பத்து வருடம் ஆகிறது, பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

27-ந் தேதி அவளுடைய ஆண்டுச் சொற்பொழிவு. தலைப்பே 'இரண்டாவது கதவு'தான். அதை வைத்துத்தான் அடுத்த ஐந்து வருட மானியம். அந்த மானியத்துக்குள்தான் என் வேலையும் இருக்கிறது. எனவே நான் இரண்டாவது கதவை மனதார நம்புகிறேன்.

மார்ச் 4, புதன்

சாப்பாட்டு மேசையில் 'செல்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இந்த வீட்டில் அவர் போட்ட ஒரே சட்டம்: சாப்பிடும் இடத்தில் ஆய்வகம் கூடாது. மகளும் மாப்பிள்ளையும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து புரதம் பேசினால் தனக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

மார்ச் 9, திங்கள்

ட்ரிப்சின் தீர்ந்துவிட்டது.

எங்கள் செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. அவற்றை எழுப்ப ட்ரிப்சின் ஊற்ற வேண்டும். அது புரதத்தை வெட்டும் என்சைம். செல் தரையைப் பிடித்திருக்கும் கால்களை வெட்டிவிட்டால் தானாக எழுந்து மிதக்கும். எங்கள் செல்கள் மகா பிடிவாதம். மற்ற ஆய்வகங்களில் இரண்டு மூன்று நிமிடம் வைப்பதை நாங்கள் தாராளமாகப் பத்து நிமிடம் வைப்போம். மேடத்தின் கைடு சொல்லிக்கொடுத்த கணக்கு அது. "செல்லை அவசரப்படுத்தாதீங்க" என்று அவர் சொன்னதை மேடம் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

ஸ்டோர் அறைக்குப் போனேன். அங்கே இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. பஞ்சு கேட்டாலும் அலமாரியைத் திறக்கும் முன் கேட்டவரின் முகத்தை ஒரு முறை பார்ப்பார்.

"ட்ரிப்சின் ஆர்டர் போட்டு மாசமாச்சு சார். வரும்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

வேதாந்தத்தோடு வாதாட முடியுமா? திரும்பி வந்துவிட்டேன். என்சைம் இல்லாத உப்புக் கரைசல் ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜின் மூலையில் கிடந்தது. அதை ஊற்றி, மெதுவாகச் சுரண்டி, செல்களை எழுப்பினேன். நேரம் பிடித்தது, ஆனால் எழுந்துவிட்டன.

மார்ச் 10, செவ்வாய்

என்னவோ நடந்திருக்கிறது. ஃபெரிட்டினுக்கு ஒளிரும் சாயம் ஏற்றித்தான் செல்களோடு கலப்போம். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை மினுக்கத்தைப் பார்த்து இயந்திரம் சொல்லிவிடும். வழக்கமாக மங்கலாக இருக்கும். நேற்றைய செல்கள் கல்யாண வீடு மாதிரி மின்னுகின்றன.

அது போகட்டும். முதல் கதவை அடைக்கும் ஆன்டிபாடியைப் போட்ட குழாயில் மினுக்கம் பாதிக்கு மேல் அணைந்திருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் அது அணையக் கூடாது. அணையாததால்தான் இந்த ஆய்வகமே இருக்கிறது.

குழாயை மாற்றி வைத்துவிட்டேனோ?

மார்ச் 11, புதன்

மறுபடி செய்தேன். குழாயை மாற்றி வைக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நான் கிணறுகூட வெட்டவில்லை, பாட்டில் தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து ஆய்வகத்தில் கொஞ்சம் ட்ரிப்சின் கடன் வாங்கி எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். விஷயம் இதுதான். ட்ரிப்சினுக்குக் கால் எது, கதவு எது என்று தெரியாது. பத்து நிமிடம் விட்டால் செல்லின் மேலே நிற்கும் அந்த முதல் ஏற்பியையும் சேர்த்து மழித்துவிடுகிறது. பிறகு நாங்கள் செல்லை ஐஸில் வைத்து ஆன்டிபாடி போடுகிறோம். அடைப்பதற்குக் கதவே இல்லை. ஆன்டிபாடி சும்மா மிதந்துவிட்டு, கழுவும் தண்ணீரோடு போய்விடுகிறது. அதன் பிறகு ஃபெரிட்டினைச் சேர்த்து உடம்புச் சூட்டில் வைக்கிறோம். இந்த ஏற்பி எப்போதும் மேலேயே நிற்பதில்லை. ஒரு பங்கு செல்லுக்குள் இருக்கும், சூடு பட்டால் சில நிமிடங்களில் மேலே வரும், மறுபடி உள்ளே போகும். வெட்டியது போக உள்ளே மிச்சமிருந்தவை மேலே வந்து ஃபெரிட்டினைப் பிடித்துக்கொண்டு போகின்றன. நாங்கள் வெளியே நின்றுகொண்டு, 'பார், முதல் கதவை அடைத்தும் போகிறது' என்று கட்டுரை எழுதுகிறோம்.

இன்று ஆன்டிபாடியைக் கழுவாமல் கடைசிவரை உள்ளேயே விட்டுப் பார்த்தேன். ட்ரிப்சின் போட்ட செல்லிலும் சரி, போடாத செல்லிலும் சரி, மொத்தமும் இருட்டு.

இரண்டாவது கதவு என்று ஒன்று இல்லை. அதே கதவுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மார்ச் 14, சனி

சொல்லவில்லை.

சொல்லலாம் என்றுதான் மேசையில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்ததும் அத்தை கரண்டியைப் பார்த்தார். சட்டத்தை மதிக்கும் குடிமகன் நான். மென்று விழுங்கிவிட்டேன்.

மாலையில் மேடம் கூடத்தில் நின்று சொற்பொழிவுக்கு ஒத்திகை பார்த்தாள். பார்வையாளர் அத்தை ஒருவர்தான். கூடம் மேசை இல்லையாம், அங்கே சட்டம் செல்லாதாம். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. அந்த மொதல் கதவுக்கு என்னடி ஆச்சு?"

"அதை அடைச்சுட்டோம்மா."

"ஒழுங்கா அடைச்சீங்களா?"

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? அவளுடைய பத்து வருடம் போகும். மானியம் போகும். மானியத்தோடு என் வேலையும் போகும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று என்னைக் காட்டிப் பாடம் நடத்தலாம். சொல்லாவிட்டால்? வெளியே எவனாவது நாளைக்கே கண்டுபிடிப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? சொற்பொழிவு முடியட்டும், பிறகு சொல்லலாம். ஆமாம், மேடை ஏறி இறங்கிய பிறகு மேடை உளுத்தது என்று சொல்வதற்குப் பெயர் அன்பா?

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இயந்திரம் இருட்டைக் காட்டியபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குள் ஏதோ குதித்தது. என் ஆய்வகம் மூடிய நாளில், அவளுக்கு ஒரு விருது கிடைத்ததென்று, அவள் அறை வாசலில் மாலை போட்டு வாழ்த்தினார்கள். அந்த மாலை ஞாபகம் வந்தது. என்ன மனுஷன் நான்.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

குளிர் அறையில் வைத்துச் சொன்னேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அது ஒன்றுதான். அதோடு குளிரில் யாராலும் நீண்ட நேரம் கத்த முடியாது. தப்புக் கணக்கு.

முழுவதும் கேட்டாள். கை கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, "உன் கை சரியில்ல" என்றாள்.

"மூணு தடவை செஞ்சேன்."

"மூணு தடவையும் உன் கைதான செஞ்சது? உன் லேப்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா ஒரு எக்ஸ்பெரிமென்ட் வந்திருந்தா நீ ஏன் இங்க வந்து நிக்கிற?"

அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தாள். பிறகு, "சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு நொடி அவளுக்கு எப்படித் தெரிந்தது? இருபது வருடம் கூட வாழ்ந்தால் எல்லாம் தெரிந்துவிடுமோ?

மார்ச் 18, புதன்

வீட்டிலும் 'நீங்க' ஆகிவிட்டேன். "உங்க துண்டு கட்டில்ல இருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

அத்தைதான் இப்போது தபால். "மாப்பிள்ளை, அவ காரை எடுத்துட்டுப் போறாளாம்." "ஏய், அவர் பஸ்ல வர்றாராம்." நடுவில் என்னிடம் தனியாக, "என்ன, ட்ரிப்சினா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். தூக்கத்தில் மகள் அதைத்தான் பிதற்றுகிறாளாம். இப்போதெல்லாம் அம்மாவின் அறையில்தான் படுக்கிறாள்.

மார்ச் 21, சனி

விடுமுறை நாள். ஆய்வகத்தில் யாரும் இல்லை. நான் என் பெட்டிகளை ஒதுக்கலாம் என்று போனேன். எப்படியும் ஒதுக்கத்தான் வேண்டும். கதவைத் திறந்தால் என் மேசையில் மேடம். வெள்ளைக் கோட்டு, கையுறை, கையில் பைப்பெட். நான் இங்கே வந்த இரண்டு வருடத்தில் அவள் பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்து நான் பார்க்கவில்லை.

"அங்க உக்காருங்க. எதையும் தொடாதீங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். மதியம் முழுக்க வேடிக்கை பார்த்தேன். முதல் இரண்டு குழாயில் அளவு பிசகி, கொட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். பிறகு பழைய கை வந்துவிட்டது. பைப்பெட்டின் முனை குழாயின் சுவரைத் தொடுகிற சத்தம்கூட இல்லை. செல்களை எழுப்ப நான் செய்ததுபோல் உப்புக் கரைசலை ஊற்றினாள், ஆனால் என்னைவிட மென்மையாகச் சுரண்டினாள். கல்லூரியில் அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். அதை இப்போது சொன்னால் செவிட்டில் அறைவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இயந்திரத்தில் குழாய்களை வைத்துவிட்டு, "திரும்பி நில்லுங்க" என்றாள். சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் போன வருடத்து நாட்காட்டி.

அதிலிருந்த விடுமுறை நாட்களை எல்லாம் எண்ணி முடித்தேன்.

"அந்த ஆன்டிபாடியைக் கழுவாம விட்டது எந்த நெனப்புல?" என்றாள் கடைசியில்.

"உங்க அம்மா கேட்டாங்கல்ல, ஒழுங்கா அடைச்சீங்களான்னு."

"பொய் சொல்லாத. அம்மா போன சனிக்கிழமை கேட்டா. நீ அதுக்கு முந்தின நாளே செஞ்சிட்ட."

'சொல்லாத'. 'நீ'. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முதலில் காதில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழும்போதுகூட ஆய்வக விதியை மீறுகிறாளே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் மனம் கணக்குப் போட்டது. பத்து வருடம், அதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை ஊர், எத்தனை சண்டை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "இருக்கிற ஒரு கதவும் நல்ல கதவுதானே" என்றேன்.

"வாயை மூடு" என்றாள். ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலிருந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறாள். "இதுவும் போச்சு, இதுவும் போச்சு." கடைசியில் மிஞ்சியது நன்றி சொல்லும் ஸ்லைடு ஒன்றுதான்.

உரையைத் தள்ளிப் போடச் சொல்லலாமே என்றேன். "தள்ளிப் போட்டா என்ன, கதவு முளைச்சிடுமா?"

மார்ச் 27, வெள்ளி

அரங்கம் நிறைந்திருந்தது. தலைப்பை மாற்றிவிட்டாள்: 'இரண்டாவது கதவு இல்லை'. ஒரு சொல்தான் கூடியிருந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள்.

சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் செல்களை எப்படி எழுப்பினோம், எங்கே வெட்டினோம், எங்கே கழுவினோம், வெட்டிய கதவு எப்படி உள்ளேயிருந்து திரும்பி வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். நடுவில் ஒரு முறைகூடக் குரல் பிசகவில்லை.

பத்து வருடமாக அவளை எதிர்த்து எழுதிவந்த முதல் கதவுக்காரர் முன்வரிசையில் இருந்தார். நாங்கள் வீட்டில் அவரை எதிர்க்கட்சி என்போம். அவர் எழுந்ததும் அரங்கமே நிமிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ட்ரிப்சின் எத்தனை நிமிடம்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து."

குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேநீர் இடைவேளையில் பார்த்தேன், ஒரு மூலையில் நின்று முகம் வெளுத்துத் தன் மாணவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறொரு ஏற்பி இருக்கிறதாம். அதற்கும் ட்ரிப்சின்தானாம்.

யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டார். "எங்கள் ஆய்வகத்தில் ஒருவர்" என்றாள். ஒருவர். பெயரில்லாத, உறவில்லாத ஒருவர். வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. காரை நிறுத்திவிட்டு அவளே சொன்னாள்.

"என் புருஷன்னு சொன்னா அது வீட்டு விஷயம் ஆயிடும். ஒருத்தர்னு சொன்னாத்தான் சயின்ஸ். கட்டுரையில உன் பேருதான் முதல்ல வரும், போதுமா?"

"போதும்" என்றேன். கோபத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். எனக்கு அந்தத் திறமை இல்லை.

ஏப்ரல் 8, புதன்

மானியக் குழுவின் பதில் வந்தது. மேடத்தின் நேர்மையை நான்கு வாக்கியங்களில் பாராட்டிவிட்டு, ஐந்தாவது வாக்கியத்தில் மானியத்தை நிறுத்திவிட்டார்கள்.

என் வேலை மே மாதத்தோடு முடிகிறது. ஆய்வகத் தலைவர் என்ற முறையில் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். போட்டாள். போட்டுவிட்டு, "டாக்டர், ஒரு காப்பி உங்களுக்கு" என்று நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று யாரும் சொல்லும் முன் நானே சொல்லிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் என் தட்டில் இரண்டாவது முறை யாரும் கேட்காமலே பரிமாறினாள்.

மே 29, வெள்ளி

கடைசி நாள். சாவியைப் பூட்டிடம் கொடுத்தேன். வாங்கி, வழக்கம்போல் என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

"சார், ஒரு நல்ல சேதி. உங்க ட்ரிப்சின் வந்துடுச்சு."

பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. இந்த ஆய்வகம் இருக்கும்வரை தீராது.

ஜூன் 15, திங்கள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்துவிட்டேன். நாள் முழுக்க மனிதர்களின் ரத்தத்தில் ஃபெரிட்டின் எவ்வளவு என்று அளந்து சொல்கிறேன். கூடவா, குறைவா, அவ்வளவுதான் கேள்வி. அது எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. முதல் மூன்று நாள் நிம்மதியாக இருந்தது. இன்று மதியம் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஏனோ பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 25, வியாழன்

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. இப்போது அவளுக்கு ஓர் ஆய்வகம், எனக்கு ஓர் ஆய்வகம், மேசையில் சட்டம். பேச என்ன இருக்கிறது?

மேடம் தட்டில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். ஃபெரிட்டின் கூட்டின் துண்டுகளில் கனமான வகை, லேசான வகை என்று இரண்டு உண்டு. கனமான வகையைத்தான் அந்தக் கதவு பிடித்துக்கொள்கிறது, லேசானதைக் கண்டுகொள்வதில்லை. ஏன் என்று பார்க்கப் போகிறாள். மானியம் இல்லை, புதிதாக வந்த ஒரு மாணவியைத் தவிர ஆள் இல்லை, இருக்கிற ஒரு கதவை வைத்து முதலிலிருந்து.

அத்தைதான் கரண்டியைக் கீழே வைத்தார். நாங்கள் இருவரும் நிமிர்ந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

"ஏன் இப்படி ஊமையா திங்கிறீங்க? எனக்குச் சாப்பாடே இறங்கல" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "அந்த ஃபெரிட்டின் இன்னிக்கு உள்ள போச்சா, இல்லையா?"

அவள் தட்டில் போட்ட கோட்டை விரலால் அழித்தாள்.

"போகலம்மா. சுரண்டும்போது பாதி செல் செத்துப்போகுது. புதுசா வந்த பொண்ணுக்கும் வரல, எனக்கும் ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சனிக்கிழமை லீவுதான உனக்கு? லேப்புக்கு வா. சம்பளம் கிடையாது."

"நான் எதுக்கு?"

"எனக்கு உன் கை வேணும்" என்றாள்.

அத்தை கரண்டியை எடுத்துக்கொண்டார். நான் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். துண்டை, எதற்கும் இருக்கட்டும் என்று, கொடியில் போட்டேன்.